ஆய்வாளரும் ஆய்வுக்குரியோரும்: தோட்டப்புறச் சமுதாய ஆய்வில் கூட்டுழைப்பு

முன்னுரை

சமுதாயக் கள ஆய்வை அடிப்படையாகக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடுகளில் 'தகவலாளி' என்னும் சொல் தவறாது இடம்பெறுகிறது. பின்னிணைப்பில் அவருடைய வயது, தொழில், நேர்காணல் நடந்த நாள் ஆகியவை அட்டவணையாகத் தரப்படும். அத்துடன் அவருடைய பங்கு முடிந்துவிடும். எதை ஆராய்வது, எவ்வாறு வினவுவது, கிடைத்த செய்திக்கு எவ்வாறு பொருள் கொள்வது, முடிவை யாரிடம் சேர்ப்பது ஆகிய எவற்றிலும் அவருக்கு இடமில்லை. தகவல் அவருடையது, ஆய்வு பிறருடையது. இப்பிரிவினை எவ்வாறு தோன்றிற்று, அதனை மாற்ற முயன்றோர் என்ன செய்தனர், மலேசியத் தோட்டப்புறத் தமிழரைப் பற்றிய ஆய்வில் அம்முயற்சிகள் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இதனை இப்பொழுது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கெர்னியல் சிங் சாந்துவின் குடியேற்ற வரலாற்று நூல் 1969ஆம் ஆண்டிலும், சின்னப்பா அரசரத்தினம், ரவீந்திர ஜெயின் ஆகியோரின் நூல்கள் 1970ஆம் ஆண்டிலும் வெளிவந்தபோது தோட்டம் என்பது கண்முன் நின்ற ஒரு வாழிடம். ஆய்வாளர் ஒரு தவறு செய்தால் பின்னர் வருபவர் அதே தோட்டத்திற்குச் சென்று சரிபார்க்கலாம். இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தோர் நகர்ப்புற அடுக்குமாடிகளில் முதுமை எய்திவருகின்றனர். பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்ட முறையை நேரில் கண்டவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. எஞ்சியிருக்கும் சான்று அவர்களுடைய நினைவு மட்டுமே. ஆகவே அவர்களோடு ஆய்வாளர் கொள்ளும் உறவு எத்தகையது என்பது முன்னெப்போதையும்விட முதன்மை பெறுகிறது.

கூட்டுழைப்பு என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் கருத்தைக் குர்ட் லெவின் 1946ஆம் ஆண்டில் 'செயல் ஆய்வு' என்னும் பெயரால் முன்வைத்தார். 1977ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் கார்த்தகேனா நகரில் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்தா முன்னின்று நடத்திய மாநாடு இதனை மேலும் வளர்த்தது. உழவர்களின் அறிவும் அறிவே, அதனைப் பல்கலைக்கழகம் கற்க வேண்டும் என்னும் நிலைப்பாடு அங்கு வலுப்பெற்றது. இந்தியாவில் ராஜேஷ் தாண்டன் 1982ஆம் ஆண்டில் பங்கேற்பு ஆய்வுக்கெனவே ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

இவ்வரலாற்றை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. 'பங்கேற்பு' என்னும் சொல் பரவப் பரவ அதன் மதிப்புக் குறைந்தது. அமெரிக்கத் திட்ட வல்லுநரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969ஆம் ஆண்டிலேயே இதனை உணர்ந்து, குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் இருப்பது மக்களைக் கையாளுதல்; நடுவில் இருப்பது கருத்துக் கேட்டல்; மேற்படியில்தான் மக்கள் முடிவெடுக்கின்றனர். இன்று 'சமுதாயப் பங்கேற்புடன் நடத்தப்பட்டது' என்று முன்னுரையில் கூறிக்கொள்ளும் ஆய்வுகள் பல, இவ்வேணியின் நடுப்படியைத் தாண்டுவதில்லை என்பது நம் கணிப்பு.

தெருமுனையில் கிடைத்த துணை

வில்லியம் ஃபுட் வைட் என்னும் இளைஞர் 1936ஆம் ஆண்டு முதல் 1940ஆம் ஆண்டு வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையில் பாஸ்டன் நகரின் இத்தாலியக் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்தார். வசதியான குடும்பத்தில் பிறந்த அவருக்கு அத்தெருக்கள் அயலானவை. 'டாக்' என்னும் புனைபெயரால் அவர் சுட்டும் ஒரு தெருமுனைக் குழுவின் தலைவர்தாம் அவருக்கு அவ்வுலகைத் திறந்துவிட்டார். யாரிடம் எப்பொழுது பேசலாம், எந்த வினாவைக் கேட்கக்கூடாது, கேள்விகளை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தாலே பல விடைகள் தாமே வரும் என்பன போன்ற அறிவுரைகளை அவரிடமிருந்தே வைட் பெற்றார். அதுமட்டுமன்று, எழுதிய பகுதிகளை இருவரும் சேர்ந்து படித்து விவாதித்தனர். 1943ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் இவ்வுறவு தெளிவாகப் பதியவில்லை. 1955ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட நீண்ட பின்னிணைப்பில்தான் டாக் தம் உடனாய்வாளர்போல் விளங்கினார் என்பதை வைட் விரிவாகக் கூறினார்.

பன்னிரண்டு ஆண்டுக் காலத் தாழ்வோடு வந்த இவ்வொப்புதல் பாராட்டுக்குரியது. எனினும் கதை அங்கு முடியவில்லை. மரியான் போலன் என்னும் ஆய்வாளர் பின்னாளில் அக்குடியிருப்புக்குச் சென்று, நூலில் இடம்பெற்றோர் சிலரைச் சந்தித்து, அவர்களுடைய மனக்குறைகளை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டார். வைட் அதற்கு மறுப்பு எழுதினார். யார் கூற்று சரி என்பது ஈண்டு நம் வினாவன்று. ஒருவரோடு நெருங்கிப் பழகி, அவரோடு சேர்ந்து எழுதினாலும், அவரைச் சுற்றியுள்ள ஏனையோர் அந்நூலைத் தம்முடையதாக ஏற்பர் என்பதற்கு உறுதியில்லை என்பதே நாம் கருத வேண்டுவது. தோட்டப்புற ஆய்வில் இதற்கு நேர் இணை உண்டு. பழைய தோட்டத்து மக்களைத் தேடிச் செல்லும் மாணவரை முதலில் வரவேற்பவர் பெரும்பாலும் கோயில் தலைவராகவோ, ஓய்வுபெற்ற கிராணியாகவோ, முன்னாள் மண்டோராகவோ இருப்பார். அவர் நன்றாகப் பேசுவார்; ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பார். பால்மரம் வெட்டிய பெண்ணின் நினைவில் அதே மண்டோர் யார் என்பது வேறு செய்தி.

தம் ஊரைத் தாமே ஆராய்ந்த மாணவர்கள்

சமுதாயத்தைச் சேர்ந்தவரே ஆய்வாளராக அமைந்தால் இச்சிக்கல் தீருமா? தமிழகத்தில் இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ஆம் ஆண்டில் தம் மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து, அவரவர் அறிந்த சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம், கூலி, கடன், கிணறு, கால்நடை, உணவு ஆகியவை பற்றி அவர்கள் திரட்டிய செய்திகள் 1918ஆம் ஆண்டில் நூலாயின. கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அவ்வாறே ஆய்வுலகில் இடம்பெற்றன. 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர்; அதன் பின்னரும் சில ஊர்கள் திரும்பத் திரும்ப ஆராயப்பட்டுள்ளன. ஒரே ஊரின் மாற்றத்தைத் தலைமுறைகளுக்கு ஊடாகக் காண இயன்றது அம்மாணவர்கள் இட்ட அடித்தளத்தால்தான்.

ஆயின் 1916ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் வரை படிக்க முடிந்தவர்கள் எக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். நிலமுடையோர் வீட்டு மகன் சேரிக்குச் சென்று கூலி எவ்வளவு என்று வினவினால் கிடைக்கும் விடை, அக்கூலியைக் கொடுப்பவரின் மகனிடம் சொல்லக்கூடிய விடையாகத்தான் இருக்கும். 'ஊரைச் சேர்ந்தவர்' என்பது ஒரே தகுதியன்று. எந்தத் தெருவைச் சேர்ந்தவர், ஆணா பெண்ணா, யாருக்குக் கடன்பட்டவர் என்பனவெல்லாம் அதனுள் அடங்கும். மலேசியாவிலும் தோட்டத்தில் பிறந்து பட்டம் பெற்ற தமிழ் மாணவர் தம் மக்களிடமே ஆய்வுக்குச் செல்லும்போது, அவரிடம் சாதியைப் பற்றிப் பேசத் தயங்குவோர் அயல்நாட்டு ஆய்வாளரிடம் அதனை எளிதாகப் பேசிவிடுவது உண்டு. அயலார் எழுந்து போய்விடுவார். உறவினர் போகமாட்டார் அல்லவா?

விராம்மாவின் நூல்

ஆய்வுக்குரியவரே நூலாசிரியராக அட்டையில் நிற்கும் ஒரு நூலை இங்குக் குறிப்பிட வேண்டும். புதுச்சேரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த விராம்மா, தாழ்த்தப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்த உழவுக் கூலிப் பெண், மருத்துவச்சி, ஒப்பாரியும் பிற பாடல்களும் பாடுவதில் வல்லவர். புதுச்சேரித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த இசையாய்வாளர் ஜோசியான் ரசின் முதலில் அவரிடம் சென்றது பாடல்களைப் பதிவு செய்வதற்காகவே. பாடலுக்கிடையே அவர் கூறிய வாழ்க்கைச் செய்திகள் வளர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலப் பதிவாயின. இறுதியில் விராம்மா, ஜோசியான் ரசின், ஜான்-லூக் ரசின் ஆகிய மூவர் பெயரிலும் 1995ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியிலும் 1997ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் நூல் வெளிவந்தது.

இந்நூலின் சிறப்பு அட்டையில் பெயர் இருப்பது மட்டுமன்று. ஆய்வாளர் கொண்டு சென்ற வினா மாறியதற்கு இடம் கொடுத்ததே அதன் அடிப்படைச் சிறப்பு எனலாம். பாடல் தேடிச் சென்றவர், தமக்கு முன் அமர்ந்திருப்பவர் எதைச் சொல்ல விரும்புகிறாரோ அதற்குச் செவிசாய்த்தார். விராம்மாவின் உலக நோக்கு, அவருடைய தெய்வங்கள், ஆண்டைகளைப் பற்றிய அவருடைய எண்ணங்கள் ஆகியவை இன்றைய விடுதலை அரசியலோடு எல்லா இடத்தும் ஒத்துப்போவதில்லை. அவற்றைத் திருத்தி அழகுபடுத்தாமல் விட்டிருப்பது நேர்மை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எழுத்தறியாத ஒருவரின் தமிழ்ப் பேச்சு பிரெஞ்சு நூலாக முதலில் வெளிவந்தபோது, அதனை அவர் எவ்வாறு சரிபார்ப்பார்? நம் நாட்டிலும் தோட்டப்புற மக்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்படுகின்றன. தமிழில் எழுதப்படும் ஆய்வேடும், நாம் இங்கு எழுதுவதைப் போன்ற நடையில் அமைந்தால், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த ஒருவருக்கு எட்டுவது அரிது. எனவே எழுதியதை அவர்தம் பேச்சுமொழியில் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதே உண்மையான சரிபார்ப்பு. அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு மணி நேர நேர்காணலுக்கு இரு மாலைப்பொழுதுகளேனும் ஆகும்.

சொல்லும் அளவையும்

படித்துக் காட்டும்போது முதலில் திருத்தப்படுவன சொற்களே. வினாநிரலில் 'குடும்பத் தலைவர்' என்று எழுதியிருப்போம். கணவர் பெயரைச் சொல்லிவிட்டு, வீட்டை நடத்துபவர் மாமியார் என்று அப்பெண் கூறுவார். 'மாத வருமானம்' என்பதற்குச் சம்பளச் சீட்டில் உள்ளதைச் சொல்வார். குலுக்குச் சீட்டு, பலகாரம் செய்து விற்றது, மகள் அனுப்பியது ஆகியவை அவர் கணக்கில் வருமானமல்ல. 'ஆயாக் கொட்டகை', 'வெளிக்காட்டு வேலை' போன்ற சொற்களைக் 'குழந்தைக் காப்பகம்', 'பராமரிப்புப் பணி' என்று செந்தமிழாக்கி எழுதினால் பொருளே மாறிவிடுகிறது. ஆயாக் கொட்டகை என்ற சொல்லுக்குள் விடியுமுன் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயின் அவசரமும் இருக்கிறது.

அளவையைப் பொறுத்தவரை, மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1968 முதல் 1988 வரை விளங்கிய உங்கு அஸீஸின் சாரோங் குறியீடு நினைவுகூரத்தக்கது. சிற்றூர் வறுமையை அளக்க அவர் பணத்தை நாடவில்லை. வீட்டிலுள்ள சாரோங்குகளை எண்ணி, ஓராண்டுக்கு மேற்பட்ட வயதுடையோரின் எண்ணிக்கையால் வகுத்தார். உடுப்பது, போர்த்துவது, குளிப்பது, பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது ஆகிய அனைத்திற்கும் உதவும் அத்துணி தலைக்கு ஒன்றேனும் இல்லாத வீடு வறுமையில் உள்ளது என்பது அவர் முடிவு. மக்கள் வாழ்வை அறிந்தவரால்தான் இத்தகைய அளவுகோலைக் காண முடியும். இதற்கு அடுத்த படி, அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மக்களிடமே விடுவது. ராபர்ட் சேம்பர்ஸ் முதலியோர் பரப்பிய பங்கேற்பு முறைகளில் ஊரார் தரையில் படம் வரைந்தும், விதைகளை அடுக்கியும் தம் வீடுகளைத் தாமே வகைப்படுத்துவர். விதையை இடம் மாற்றி வைக்கும்போது எழும் வாக்குவாதமே ஆய்வாளருக்குக் கிடைக்கும் சிறந்த தரவு என்பது இம்முறையைக் கையாண்டோர் நன்கறிந்தது.

வரைபடமும் வழக்கும்

கூட்டுழைப்பு என்பது மரியாதை பற்றியது மட்டுமன்று. அதனால் மக்களுக்கு நன்மையோ கேடோ விளையும் என்பதற்குச் சரவாக் மாநிலத்தில் ஒரு சான்று உள்ளது. பிந்துலுவுக்கு அருகில் செகாபாய் ஆற்றோரத்தில் அமைந்த ரூமா நோர் என்னும் ஈபான் நீள்வீட்டு மக்கள், காகிதக்கூழ் மரத்தோட்ட நிறுவனம் ஒன்று தம் மரபுவழி நிலத்துள் நுழைந்ததாக வழக்குத் தொடுத்தனர். தம் நிலத்தின் எல்லையைக் காட்ட அவர்கள் முன்வைத்த சான்றுகளுள் ஒன்று, வரைபடப் பயிற்சி பெற்ற அவ்வூராரே அளந்து வரைந்த படம். எது தெமுடா என்னும் பழைய உழவு நிலம், எது புலாவ் என்னும் காத்துவைத்த காடு என்பதை முதியோர் கூற, இளையோர் கருவியால் அளந்தனர். 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் கூச்சிங் உயர்நீதிமன்றம் மக்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் சரவாக் சட்டமன்றம் நில அளவையாளர் சட்டத்தை இயற்றி, உரிமம் பெறாதோர் நில எல்லைகளை அளந்து படம் வரைவதைத் தடை செய்தது. ஊரார் கையில் இருந்த அறிவு நீதிமன்றத்தில் எடுபட்டவுடன், அவ்வறிவை ஆக்கும் செயலே குற்றமாயிற்று. 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மரபுவழி உரிமை பற்றிய சட்டக் கொள்கையை ஏற்றுக்கொண்டு, ஆயினும் அந்நிலப்பரப்புக்குரிய சான்று போதாது என்று தீர்ப்பை மாற்றியது. சான்றின் தரம் எவ்வளவு முதன்மையானது என்பதை இது காட்டுகிறது. பல்கலைக்கழகம் ஊராருக்குச் செய்யக்கூடிய உதவி பரிவு மட்டுமன்று. நாள், சாட்சி, அளவு ஆகியவற்றைப் பிழையின்றிப் பதியும் பயிற்சியும் ஆகும்.

தோட்டத் தமிழருக்கு இத்தகைய நில உரிமை இல்லை. லயத்து வீடு நிறுவனத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். எனினும் கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி ஆகியவை எங்கு, எவ்வளவு காலமாக இருந்தன என்னும் வினாக்கள் தோட்டம் விற்கப்படும்போதெல்லாம் எழுகின்றன. அப்போது பழைய குடியிருப்பின் படத்தை நினைவிலிருந்து வரையக்கூடியவர்கள் அங்கு வாழ்ந்தவர்கள்தாம். இதனை மாணவர்கள் அவர்களோடு அமர்ந்து வரையலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திரட்டிய செய்தி தீங்கும் செய்யும். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்களைப் பதிவதற்காக 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்னும் இயக்கம் நடத்தப்பட்டது. அத்தகையோர் எத்தனை பேர் என்பதில் அரசும் தன்னார்வ அமைப்புகளும் கூறிய எண்ணிக்கைகள் பல மடங்கு வேறுபட்டன. இதில் வியப்பில்லை. ஆவணமற்ற ஒருவர், கையில் படிவத்தோடு வரும் அயலாருக்குக் கதவைத் திறப்பதில்லை. அடுத்த வீட்டு அக்காவோடு வந்தால் திறக்கிறார். அந்த அக்காவின் துணையால் ஆய்வாளர் பெறும் பட்டியல் பின்னர் யார் கைக்குப் போகும் என்பதற்கு ஆய்வாளரே பொறுப்பு. பட்டியலில் வீட்டு எண்ணை எழுதாமல் விடுவது சில வேளைகளில் ஆய்வு நெறியின் முழுப் பொருளாகிவிடும்.

கையெழுத்து, ஊதியம், பெயர்

நெறிமுறைக் குழுக்கள் கேட்கும் ஒப்புதல் படிவம் இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வழக்கில் உள்ளது. அது ஆய்வாளரைக் காக்கிறது, நிறுவனத்தையும் காக்கிறது. ஆயின் பெற்றோர் காலத்து ஒப்பந்தத் தாளும் கைரேகையும் பற்றிக் கேட்டு வளர்ந்த முதியவர், தாளை நீட்டியவுடன் பேச்சை நிறுத்திக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். ஒலிப்பதிவிலேயே வாய்மொழி ஒப்புதல் பெறுவது இதற்கு ஏற்ற வழி. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வாய்மொழி வரலாற்று மையத்தின் தொகுப்பில், முன்னனுமதி பெற்றே கேட்கக்கூடிய பதிவுகளும் உள்ளன. அத்தகைய வரையறையை நம் மாணவர்களின் பதிவுகளுக்கும் வகுக்கலாம்.

சமுதாயத்தைச் சேர்ந்தவர் நேர்காணலுக்கு ஏற்பாடு செய்து, உடன் வந்து, சொற்பொருள் விளக்கி உதவினால், அவர் செய்வது உதவி ஆய்வாளரின் பணி. அதற்குரிய ஊதியத்தை நிதி விண்ணப்பத்திலேயே சேர்க்க வேண்டும். நன்றியுரையில் ஒரு வரி ஊதியமாகாது.

பெயரைப் பற்றிய சிக்கல் எளிதில் தீர்வதன்று. ஜெயின் தாம் ஆராய்ந்த தோட்டத்திற்குப் புனைபெயர் இட்டார். அக்கால மானிடவியல் மரபு அதுவே. தொழிலாளரைக் காக்க அது தேவைப்பட்டது. அத்தோட்டத்து மக்களின் பெயரர் ஒருவர் இன்று அந்நூலைக் கையில் எடுத்தால், தம் பாட்டியின் ஊர் அதுதான் என்று அறிந்துகொள்ள வழியில்லை. பெயரை மறைப்பதே எப்போதும் மரியாதை என்று கொள்வதற்கில்லை. வாழ்நாள் முழுதும் பதிவேட்டில் எண்ணாக இருந்த ஒருவர், தம் பெயர் அச்சில் வர வேண்டும் என்று விரும்புவது இயல்பு.

எனவே நாம் பரிந்துரைப்பது, பெயரைப் பற்றி இருமுறை கேட்பதே: பதிவு செய்யும் நாளில் ஒருமுறை, எழுதியதைப் படித்துக் காட்டிய பின் ஒருமுறை. இரண்டு விடைகளும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. முதல் நாளில் பெயர் வேண்டா என்றவர், தம் சொற்களைக் கேட்ட பின் முழுப் பெயரையும் தந்தை பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். முதல் நாளில் தயங்காது பெயர் சொன்னவர், மருமகளைப் பற்றிய ஒரு பத்தியைக் கேட்டுவிட்டு, அதனை மட்டும் எடுத்துவிடுமாறு மெல்லச் சொல்கிறார்.